‘நோட்டு மாமா’வுக்குப் பாராட்டு விழா வைக்கலாம் என்றால் வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

ஜெராக்ஸ் கடைக்காரன் (போடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அப்பா காலத்தில் அது எஸ்.டி.டி. பூத். அந்த பூத்துக்கு 1998 வாக்கில் ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். ஏலக்காய்க் கடையில் சலித்துத் தரம் பிரிக்கும் வேலை. சட்டையில் ஏலக்காய் வாசம் வரும். கையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. அதைப் பார்த்துப் பார்த்து நாலைந்து பேருக்குப் போன் போடுவார். “தம்பி, பி பாசிட்டிவ்தானே? காலையில் தேனிக்கு வர முடியுமா? ஒரு பிரசவ கேஸ்.” லோக்கல் காலுக்கு அப்பா அவரிடம் காசு வாங்கியதில்லை. எஸ்.டி.டி.க்கு மட்டும் அவரே பிடிவாதமாகக் கொடுத்துவிடுவார்.

அவர்தான் எங்கள் ஊரில் நோட்டு மாமா. இன்றைக்கு அவருக்கு 71 வயது. பூத் போய் ஜெராக்ஸ் கடை வந்துவிட்டது, போன் எல்லார் பையிலும் வந்துவிட்டது, நோட்டு மட்டும் மாறவில்லை. இப்போது ஆறாவது நோட்டு. க.விலக்கு மெடிக்கல் காலேஜில் ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவரின் மச்சானுக்கு யாரோ ஒருவர் இவர் நம்பரைக் கொடுப்பார். ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பார். வாட்ஸ்ஆப் குரூப்பில் “அவசரம், ஓ நெகட்டிவ் தேவை” என்று ஒருவர் போட, நாற்பது பேர் கைகூப்பும் பொம்மை போட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுவதற்கும் இவர் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அந்த நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

போன மாதம் ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லி ஐந்தாவது நோட்டைக் கொடுத்தார். தாள் மக்கிப்போகிறதாம். ஒவ்வொரு வகைக்கும் தனிப் பகுதி. பெயர், ஊர், நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி. அதற்குப் பக்கத்தில் பென்சிலில் குறிப்பு. “எஸ்டேட் வேலை, சனிக்கிழமை மட்டும்.” “பத்து மணிக்கு மேல் கூப்பிடாதே, அம்மா பயப்படும்.” “ஊசி பார்த்தால் மயக்கம், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு.” “துபாய்.” “துபாயிலிருந்து வந்தாச்சு.” “மஞ்சள்காமாலை, இனிமேல் கூப்பிடாதே.” இறந்துபோனவர்கள் பெயரை அடிக்கவில்லை, ஓரத்தில் சின்ன வட்டம் மட்டும்.

பி பாசிட்டிவ் பகுதியின் முதல் பெயர் அவருடையது. 2019-ல் ஒரு தேதி போட்டு, அவர் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறது: “வயசு 65 முடிந்தது. கூப்பிடாதே.”

நான் மிஷினை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

அன்றைக்கு ராத்திரியே நண்பர்களிடம் சொன்னேன். ஆறு பேர் கூடினோம். மண்டபம் பார்த்தாகிவிட்டது. மைக் செட்காரர் வாடகை வேண்டாம் என்றுவிட்டார், அவருடைய தங்கைக்கு மாமா மூலமாகத்தான் ரத்தம் கிடைத்ததாம். ஃப்ளெக்ஸுக்கு வாசகம்கூட ஒருவர் எழுதிவிட்டார்: “குருதிக் கொடையின் கலங்கரை விளக்கமே!” (போடியில் கலங்கரை விளக்கத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார்.)

எல்லாம் முடிவான பிறகு மாமாவிடம் போய்ச் சொன்னோம். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “நான் வரமாட்டேன்ப்பா, வேற யாருக்காவது வைங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

கூச்சப்படுகிறார், நாமாகவே அழைத்துக்கொண்டுபோய் மேடையில் உட்கார வைத்துவிடலாம் என்கிறார்கள் மூன்று பேர். மற்ற மூன்று பேர் விட்டுவிடலாம் என்கிறோம். ஆனால் விட்டுவிட்டால் இப்படியே போய்விடுவாரே என்றும் இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்தீர்கள்? பொன்னாடை, ஷீல்டு தவிர வேறு ஏதாவது?

வாத்தியார் மகன் (விருத்தாசலம்)

பொன்னாடை, ஷீல்டு தவிர என்று நீங்களே சொன்னதற்கு முதலில் ஒரு கும்பிடு.

என் அப்பா பள்ளிக்கூடத்தில் ரிட்டயர்டு ஆன பிறகு இருபது வருஷத்துக்கு மேல் வீட்டுத் திண்ணையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், காசு வாங்காமல். அவருக்கு வந்த பொன்னாடைகள் 31. அம்மா எண்ணி வைத்திருக்கிறார். அது துவட்டவும் ஆகாது, போர்த்தவும் ஆகாது, ஜரிகை கழுத்தை அறுக்கும். மிக்ஸிக்கு ஒன்று, தையல் மிஷினுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று என்று மூடிப் பார்த்தார். அதற்கு மேல் மூட வீட்டில் சாமான் இல்லை. ஷீல்டு 19. அதில் நான்கில் பெயர் தப்பு. வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரர் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது எடைக்கு வராது சார்” என்றார்.

பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று ஸ்டாலின் கேட்டுக்கொண்ட பிறகு எங்கள் பக்கமும் சில விழாக்களில் புத்தகம் வந்தது. அது எவ்வளவோ மேல். ஆனால் கொடுப்பவர் எதையும் பார்த்து வாங்குவதில்லை. கணக்கு வாத்தியாருக்கு ஒரே வருஷத்தில் மூன்று சமையல் புத்தகம்.

அப்பா உயிரோடு இருந்தவரை கொண்டாடிய ஒரே பரிசு, பழைய மாணவர் ஒருவர் அந்தத் திண்ணைக்குப் போட்டுக்கொடுத்த ட்யூப்லைட். எலெக்ட்ரீஷியன் அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு வந்தார், மாட்டினார், காபி குடித்தார், போய்விட்டார். பட்டியைத் துடைப்பதை அப்பா வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

உங்கள் மாமாவுக்குத் திண்ணை எது என்று பாருங்கள்.

கற்பகம் (புதுக்கோட்டை)

தம்பி, நான் அறிவொளித் தொண்டராக இருந்தவள், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இயக்கம் அது. 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது எனக்கு 19 வயது. சம்பளம் கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம். எனக்கு வாய்த்தவர்கள் கல் உடைக்கப் போகும் பொம்பளைகள், பதினொரு பேர். பலப்பம் பிடித்தால் உடைந்துவிடும், சுத்தியல் பிடித்த கை. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம் அது. படிப்போடு சைக்கிளும் ஓட்டப் பழக்கினோம். எனக்கே சைக்கிள் தெரியாது. நானும் அவர்களோடு சேர்ந்துதான் விழுந்து எழுந்தேன், இன்றைக்கும் முழங்காலில் தழும்பு இருக்கிறது.

எங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய கூட்டம், நல்ல மரியாதை. அதை அம்மா கண்ணாடி போட்டு மாட்டினார்கள். 2004 மழையில் கரையான் அரித்துவிட்டது.

இன்னொன்று இருக்கிறது. நான் கல்யாணமாகிப் போகும்போது அந்தப் பதினொரு பேரும் காசு போட்டு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்தார்கள். பாத்திரக் கடையில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, அந்தக் கடைக்காரர் “என்ன வெட்டணும், எழுதிக் கொடுங்க” என்று பேப்பரை நீட்டியிருக்கிறார். எப்போதும் கடைக்காரரே எழுதிக்கொள்வதுதான். இவர்கள் விடவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர், எழுத்துக்கு எழுத்து சண்டை போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குடத்தில் இப்படி இருக்கிறது: “கர்ப்பகம் டீச்சருக்கு அரிவொளி பொம்பளைங்க அன்பளிப்பு”.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தார். டீச்சர் சொல்லிக்கொடுத்த லட்சணம் என்று இன்றைக்கும் கிண்டல். வல்லின ‘ற’வை நான் சரியாக நடத்தவில்லை என்பது அந்தக் குடத்தில் அழியாமல் பதிவாகிவிட்டது. எத்தனையோ பாத்திரம் போட்டு எடுத்தோம், அதை மட்டும் போடவில்லை.

மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். மாமா கூப்பிட்டதால் பிழைத்தவர்கள், மாமா கூப்பிட்டதும் போனவர்கள், இவர்களில் ஒருவராவது உங்கள் ஆறு பேரில் இருக்கிறாரா?

லேப் டெக்னீஷியன் (திருச்சி)

ரத்த வங்கியில் பல வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் இரண்டு வார்த்தை. இரண்டில் நிற்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் மாமா 1998-ல் தொடங்கினார் என்கிறீர்களே, அது சும்மா நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நிற்பார்கள். சொந்தக்காரர்கள் பேரம் பேசிக் கூட்டி வருவார்கள். அந்த ஆட்களில் பலருக்கு ரத்தசோகை, மஞ்சள்காமாலை, என்னென்னவோ. உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பினால் 1998 ஜனவரி 1 முதல் அது நாடு முழுக்கத் தடை. நல்ல காரியம். ஆனால் தடை வந்த மறுநாள் ரத்தத்துக்கு எங்கே போவது? அந்த இடத்தை நிரப்பியவர்கள் இப்படி ஊருக்கு ஒருவராக நோட்டு வைத்திருந்தவர்கள்தான். கல்லூரி முகாம்கள் எல்லாம் எங்கள் பக்கம் அப்புறம்தான் சூடுபிடித்தன.

இந்த வேலையின் கஷ்டம் வெளியே தெரியாது. ரத்தத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். சிவப்பணுவை ஐந்தாறு வாரம் வைக்கலாம். தட்டணு (பிளேட்லெட்) ஐந்து நாள்தான். டெங்கு சீசனில் நாங்கள் படும் பாடு அதனால்தான். ஆண் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதம், பெண் கொடுத்தால் நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி. எடை 45 கிலோவாவது வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். நோட்டில் நூறு பேர் இருந்தால் இன்றைக்குக் கூப்பிடக்கூடியவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள்? அதை மனதுக்குள்ளேயே கழித்துக் கூட்டிக்கொண்டு இருப்பதுதான் அவர் வேலை.

விழா வைத்தால் ஒரு எச்சரிக்கை. ரத்தம் கொடுத்தவர்களுக்குக் காசோ, காசாக மாற்றக்கூடிய கூப்பனோ, தங்க நாணயமோ கொடுத்துவிடாதீர்கள். பேட்ஜ், சான்றிதழ், பிஸ்கட், ஜூஸ், வந்துபோகும் பஸ் செலவு, அவ்வளவுதான். விலை உயர்ந்த பரிசு வைத்தால், அதற்காகவே உடம்பில் இருப்பதை மறைத்துவிட்டு வந்து படுப்பவர்கள் உண்டு. நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, 12.5 வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களை எந்த விழாவிலும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. பெண்களில் இவர்கள் நிறைய. மாமாவின் நோட்டில் அவர்கள் பெயரும் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி. கூச்சம் என்று நீங்களாக முடிவு செய்துவிட்டீர்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவரிடமே கேட்டீர்களா?

மதுரைக்காரி

சின்னப்பிள்ளை அம்மாவைத் தெரியுமல்லவா? எங்கள் அழகர்கோயில் பக்கத்துக்காரர், களஞ்சியம் அமைப்பில் கிராமத்துப் பெண்களைக் குழுக்களாகச் சேர்த்தவர். 2001-ல் டெல்லியில் விருது கொடுக்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். நாடே அந்தப் போட்டோவைப் பார்த்தது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் சொந்த வீடு இல்லை என்று அவர் பேசியது 2024-ல் செய்தியாகி, அதன் பிறகுதான் மாநில அரசு வீடு அறிவித்தது.

நான் விருதைக் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தப் போட்டோவைப் பார்த்து அழுதோம். மாமா வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, மாத்திரை வாங்கக் காசு இருக்கிறதா என்று ஒரு நடை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஷீல்டுக்கு ஆர்டர் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜெராக்ஸ் கடைக்காரன் (போடி)

எல்லாருக்கும் நன்றி. திருச்சி அண்ணன் கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று சாயங்காலம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் கேட்டேவிட்டேன்.

2011-ல் ஒரு சங்கத்தார் (யார் என்று வேண்டாம்) அவரை விழாவுக்குக் கூப்பிட்டார்களாம். ஐந்து மணிக்கு என்று சொன்ன விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் வந்தது எட்டரை மணிக்கு. முன்வரிசையில் உட்கார வைத்து, “ஐயா, போனை ஆஃப் பண்ணிக்கங்க” என்று கேட்டிருக்கிறார்கள். இவரும் மரியாதைக்கு அணைத்துவிட்டார். பொன்னாடை போட்டு, போட்டோ எடுத்து, சாப்பிட்டு, வெளியே வந்து போனைப் போட்டால் ஒரே நம்பரிலிருந்து பதினான்கு மிஸ்டு கால். ஏபி நெகட்டிவ். அந்த வகையில் இவர் நோட்டில் அப்போது மூன்றே பேர்.

“என்ன ஆச்சு மாமா?”

“மதுரையில ஆள் கிடைச்சு குடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளை நல்லாத்தான் இருக்கு. இப்ப காலேஜ் போகுது.”

“அப்புறம் என்ன?”

“எனக்கு நல்லா இல்லப்பா.”

பதினான்கு வருஷம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் போனை அணைத்ததே இல்லை. சினிமாவுக்குப் போனதில்லை. மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறார். பேத்திக்குக் காது குத்தியபோது ஒரே ஒரு நாள் போய்விட்டு ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறார். 2010 கடைசியில் நிறுத்திய ரயில் அகலப்பாதையாகி 2023-ல் மறுபடி போடிக்கு வந்தபோது ஊரே ஸ்டேஷனில் நின்றதே, மாமாவும் நின்றார். இன்னும் ஏறவில்லை.

மதுரை அக்கா, உள்ளே போய்ப் பார்த்தேன். கூரை பரவாயில்லை. மாத்திரையை மகள் வாங்கி அனுப்பிவிடுகிறார். ஆனால் வீட்டில் ஒரு பிளக் பாயின்ட்தான் வேலை செய்கிறது, அதில் போன் சார்ஜில் இருக்கிறது.

தலையாட்டாதவன் (ஈரோடு)

எல்லாரும் விழாவைத் திட்டுகிறீர்கள், நான் மட்டும் ஆதரித்து விடுகிறேன். 2023 செப்டம்பரிலிருந்து உடலுறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். இறந்தவருக்கு அதனால் என்ன என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் கலெக்டர் மாலை வைப்பதைத் தெருவே நின்று பார்க்கிறது. “அறுத்துக் கொடுத்துட்டாங்க” என்று பேசிய அதே தெரு. மரியாதையைப் பார்க்கிற கண்களுக்காகவும்தான் செய்கிறோம்.

மாமாவை மேடையில் ஏற்ற வேண்டாம், சரி. ஆனால் 71 வயதுக்காரர் ஒருவர் தலையில் மொத்த ஊரின் ரத்தத்தையும் வைத்திருக்கிறீர்களே, அவருக்கு அடுத்து யார்? அதற்கு விழா தேவை. முதல்முறை ரத்தம் கொடுத்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர் கையால் சான்றிதழ் கொடுக்கச் சொல்லுங்கள். வாங்கத்தானே மாட்டேன் என்கிறார்? கொடுக்க வரச் சொல்லிப் பாருங்களேன்.

வாத்தியார் மகன் (விருத்தாசலம்)

திண்ணை எது என்று கேட்டேனே, கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அந்த பிளக் பாயின்ட்டை முதலில் சரி செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடைக்காரன் (போடி)

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

பிளக் பாயின்ட் போட்டாகிவிட்டது, மூன்று இடத்தில்.

அப்புறம் ஆறு பேரும் மண்டபத்துக்கென்று வைத்திருந்த காசில் சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம், கீழ் பெர்த், போக ஒரு தேதி, வர பத்து நாள் கழித்து ஒரு தேதி. இங்கிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் அந்த ராத்திரி ரயில். டிக்கெட்டைக் கையில் கொடுத்து, “பத்து நாளைக்கு நோட்டை எங்ககிட்ட குடுங்க மாமா” என்றோம். மேடைக்கு வர மாட்டேன் என்றதைவிட இதற்குத்தான் அதிகம் யோசித்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் கடைக்கு வந்து, எங்களை வரிசையாக உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பாடம் நடத்தினார். எந்த ஆஸ்பத்திரி என்று முதலில் கேள், அப்புறம் நோயாளி பெயர், அப்புறம் டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல். ரத்தம் கொடுத்தவரிடம் மறுநாள் போன் பண்ணி, “சாப்டீங்களா, தலை சுத்தலயே?” என்று கேள். இதை மட்டும் நான்கு தடவை சொன்னார்.

போனில் ஃபார்வர்டு போட்டுக்கொண்டோம். நான்கு பேர், ஆளுக்கு ஆறு மணி நேரம். ராத்திரி பன்னிரண்டிலிருந்து ஆறு எனக்கு வந்தது.

ஸ்டேஷனில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன். ஆண்டிபட்டியிலிருந்து மாமா. “யாராச்சும் கூப்பிட்டாங்களா?” இல்லை மாமா. கணவாயில் சிக்னல் போயிருக்கும் போல, உசிலம்பட்டி வந்ததும் மறுபடி. “இப்ப?”

பத்து நாளில் பதினேழு கால். அதில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வந்தவை மூன்று, மூன்றும் என் தலையில். முதல் தடவை போனை எடுத்த கை நடுங்கியது. எதிரே பேசியவர் அழுதுகொண்டே பேசினார், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவே மறந்துவிட்டேன். திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். நோட்டில் “எந்நேரமும் கூப்பிடலாம்” என்று பென்சிலில் எழுதியிருந்த ஒரு ஆட்டோக்காரர், ஹலோ சொன்னதுமே “மாமா ஊருக்குப் போயிட்டாரா, நல்லது” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். என்னைவிட அவருக்கு விவரம் தெரிந்திருக்கிறது.

பதினேழில் பதினைந்துக்கு ஆள் அனுப்பிவிட்டோம். மற்ற இரண்டுக்கும் அவர்களே வேறு ஆள் பிடித்துவிட்டார்கள்.

மாமா திரும்பி வந்த அன்றைக்குக் காலையில் ஸ்டேஷனிலிருந்து நேரே கடைக்குத்தான் வந்தார். பேத்தி வாங்கிக் கொடுத்த தொப்பி தலையில். கழற்றக்கூட இல்லை, நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திருச்சி அண்ணன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார், கடைசியில் தனியாக இரண்டு பக்கம் இருக்கிறது, “வந்தார்கள், 12.5 இல்லை” என்று தலைப்பு. அதில் நாங்கள் ஒருவர் பெயரைச் சேர்க்காமல் விட்டிருந்தோம். அதற்கு ஒரு முறை முறைத்தார். ஓ நெகட்டிவ் பக்கம் வந்ததும் விரலை வைத்து நிறுத்தினார்.

“இந்தப் பையன் ஜூலை கடைசியிலதானே குடுத்திருக்கான். மூணு மாசம் ஆகலையே. எவன் கூப்பிட்டது?”

நான்தான். ரத்த வங்கியில் தேதியைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள், அந்தப் பையன் எங்களிடம் சொல்லவே இல்லை. மாமா அங்கேயே போனைப் போட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பஸ் செலவை என்னிடம் வாங்கி அனுப்பினார். அரை மணி நேரம் எங்களுக்குத் திட்டு. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

ஈரோட்டுக்காரர் சொன்னதையும் கேட்டுப் பார்த்தோம். காலேஜ் பிள்ளைகள் முதல்முறை கொடுத்தவர்கள் இருபத்திரண்டு பேர், அந்த ‘12.5 இல்லை’ பக்கத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர், எல்லாருக்கும் சான்றிதழ், நீங்கள்தான் கொடுக்கணும் என்றோம். கொடுக்கிறேன் என்றுவிட்டார். மூன்று நிபந்தனை: சிறப்பு விருந்தினர் கிடையாது, அரை மணி நேரத்தில் முடிக்கணும், அவர் மேடையில் இருக்கும்வரை போன் என் கையில் ஆன் செய்தபடி இருக்கணும்.

சான்றிதழ் பிரிண்ட் போட்டுக்கொண்டிருக்கிறேன். பெயரெல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தாகிவிட்டது. கற்பகம் அக்கா, ‘ற’ எல்லாம் சரியாக இருக்கிறது.